லேபர் கேஸ் வராம இருக்க ஒரே ஒரு வழிதான் மக்களே

துபாயில் கடையோ கம்பெனியோ வைத்திருக்கும் நம்ம ஆட்கள் நாலு பேர் லீவு நாளில் ஒன்றாக உட்கார்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். "லேபர் கேஸ் வராம இருக்க என்ன செய்யணும்?" உடனே ஒருவர் தன் டைப்பிங் சென்டர் ஆளின் நம்பரைக் கொடுப்பார். இன்னொருவர், "எனக்க கடையில சேரும்பமே நாலு வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிருவேன், ஒரு பயலும் வாயத் திறக்க மாட்டான்" என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள்.

இந்தத் தலையாட்டலைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போய்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். டீயைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

நான் வக்கீல் இல்லை. பி.காம் படித்துவிட்டு வங்கி வேலைக்கு வந்தவன். சின்னக் கம்பெனிகளின் கடன் ஃபைல்களைப் புரட்டுவதுதான் என் பிழைப்பு. வியாபாரம் படுத்துப் போன ஃபைல்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இவர்கள் "பாதுகாப்பு" என்று நினைத்து வாங்கி வைக்கும் ஒவ்வொரு தாளும் நாளைக்கு இவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.

வெளிநாட்டு முதலாளி யார்?

"வெளிநாட்டு முதலாளி" என்றதும் ஊரில் நமக்குக் கொரியாக்காரனும் தைவான்காரனும்தான் ஞாபகம் வருவார்கள். கொஞ்சம் கண்ணாடியைப் பாருங்கள் சாமி. இந்த நாட்டில் அந்த வெளிநாட்டு முதலாளி நாம்தான். முன்பெல்லாம் உள்ளூர் அரபிக்கு 51 சதவீதம் எழுதிக் கொடுத்துவிட்டு 49 சதவீதத்தில் ஒண்டிக்கொண்டு இருந்தோம். 2021 ஜூன் 1-ல் இருந்து பெரும்பாலான தொழில்களில் நூறு சதவீதமும் நம் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம். நல்ல விஷயம். ஆனால் லாபம் நூறு சதவீதம் நம்முடையது என்றால் பொறுப்பும் நூறு சதவீதம் நம்முடையதுதானே? "அர்பாப் பாத்துக்குவார்" என்று சாய்ந்துகொள்ள இப்போது சுவர் இல்லை.

"பாதுகாப்பு" மூட்டையில் என்னென்ன இருக்கிறது?

ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்ப்போம்.

1. ரெண்டு கான்ட்ராக்ட். ஊரில் காட்டியது ஒன்று, இங்கே இறங்கியதும் நீட்டுவது ஒன்று. வளைகுடாவின் பழைய வியாதி இது. அமீரகத்தில் 2016 ஜனவரி 1-ல் இருந்து நடைமுறையில் உள்ள விதி இதைத் தெளிவாகத் தடுக்கிறது. ஆள் ஊரில் இருக்கும்போதே ஆஃபர் லெட்டரில் படித்துக் கையெழுத்திட வேண்டும். இங்கே வந்தபின் பதிவாகும் கான்ட்ராக்ட் அதற்கு ஒத்திருக்க வேண்டும். மாற்றினால் தொழிலாளிக்குச் சாதகமாகத்தான் மாற்றலாம். ஆக, உங்கள் மேசை டிராயரில் இருக்கும் அந்த ரெண்டாவது தாள் ஏமாற்றியதற்கு நீங்களே எழுதி வைத்த வாக்குமூலம், வேறொன்றுமில்லை.

2. பாஸ்போர்ட்டை வாங்கி வைப்பது. "பத்திரமா இருக்கட்டும்னுதான்" என்பார்கள். பத்திரமாக இருக்க வேண்டும் என்றால் அவன் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கிக் கொடுங்கள். இப்போதைய தொழிலாளர் சட்டம் (2021-ன் 33-ம் எண் சட்டம், 2022 பிப்ரவரி 2 முதல் அமலில் உள்ளது) தொழிலாளியின் ஆவணங்களை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்று நேராகவே சொல்கிறது.

3. வெற்றுத் தாளில் கையெழுத்து, வெற்றுச் செக். "சம்பளம் முழுதும் கிடைத்தது" என்று பின்னால் எழுதிக்கொள்ளலாம் என்ற கணக்கு. ஐயா, 2009-லேயே டபிள்யூ.பி.எஸ். வந்துவிட்டது. சம்பளம் வங்கி வழியாகப் போகிறது, அமைச்சகத்தின் கணினிக்கும் தெரிகிறது. எந்த மாதம் எவ்வளவு போனது என்பதை உங்கள் வெற்றுத் தாளைப் பார்த்தா தெரிந்துகொள்ளப் போகிறார்கள்? செக் விஷயமும் மாறிவிட்டது. கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினாலே போலீஸ் என்ற காலம் 2022 ஜனவரியோடு பெரும்பாலும் முடிந்தது. இன்னும் பழைய பூச்சாண்டியையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதன் தம்பி ஒன்று உண்டு. வங்கி வழியாகப் பதிவான சம்பளத்தைப் போட்டுவிட்டு, ஏ.டி.எம். கார்டைத் தன் கையில் வைத்துக்கொண்டு பாதியைத் திரும்ப எடுப்பது. இதைச் சாமர்த்தியம் என்று என்னிடமே பெருமையாகச் சொன்னவர்கள் உண்டு. எங்கள் பாடப் புத்தகத்தில் இதற்கு வேறு பெயர் :-)

4. விசா செலவை மாதாமாதம் பிடிப்பது. ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் நேராகவோ சுற்றி வளைத்தோ வாங்கக் கூடாது என்பது அதே சட்டம். "அட்வான்ஸ்", "லோன்", "டெபாசிட்" என்று எந்தப் பெயர் வைத்தாலும் அது அதேதான்.

5. நான்-கம்பீட். இது உச்சக்கட்டம். புரோட்டா மாஸ்டரிடம், "ரெண்டு வருஷத்துக்கு வேறு எந்த ஓட்டலிலும் வேலை செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்கியிருந்த ஒரு தாளை நான் கண்ணால் பார்த்தேன். வாடிக்கையாளர் விவரமோ தொழில் ரகசியமோ தெரிந்த வேலையில் இருப்பவருக்குத்தான் சட்டம் அதை அனுமதிக்கிறது. அதற்கும் இடம், காலம், வேலை வகை எல்லாம் வரையறுக்க வேண்டும், ரெண்டு வருடத்துக்கு மேல் போகக் கூடாது. மாவைப் பிசைந்து வீசுவதில் என்ன தொழில் ரகசியம்? அவன் அதைக் கற்றுக்கொண்டது ஊரில், உங்கள் கடையில் அல்ல.

"ஓடிப் போறானே, அதுக்கு என்ன சொல்றீர்?"

நியாயமான கேள்வி. விலகிப் போக மாட்டேன். டிக்கெட் போட்டு, விசா எடுத்து, மெடிக்கல் செய்து கொண்டு வந்த ஆள் மூன்றாம் மாதம் பக்கத்துக் கடையில் நூறு திர்ஹம் கூடக் கிடைக்கிறது என்று போனால் வயிறு எரியத்தான் செய்யும். சின்ன முதலாளிக்கு அது சின்னப் பணமில்லை.

ஆனால் அதற்கான பாதுகாப்பு சட்டத்திலேயே இருக்கிறது. புரொபேஷன் அதிகபட்சம் ஆறு மாதம். அந்தக் காலத்தில் அமீரகத்திலேயே வேறு முதலாளியிடம் போக நினைப்பவர் ஒரு மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். உங்களுடைய ஆள் எடுத்த செலவை அந்தப் புது முதலாளி உங்களுக்குத் தர வேண்டும். நாட்டை விட்டே போகிறார் என்றால் 14 நாள் முன்னால் சொல்ல வேண்டும். புரொபேஷன் முடிந்தபின் நோட்டீஸ் 30 நாளில் இருந்து 90 நாள் வரை, கான்ட்ராக்ட்டில் எழுதியபடி.

இந்த விதியைப் பயன்படுத்திப் பணத்தைத் திரும்ப வாங்கியவர் உங்களில் எத்தனை பேர்? கை தூக்குங்கள் பார்ப்போம். யாரும் தூக்க மாட்டீர்கள். ஏன் தெரியுமா? அமைச்சகத்தின் வாசலுக்குப் போனால் உங்கள் ஃபைலும் திறக்கும். ரெண்டாவது கான்ட்ராக்ட், பிடித்த விசா காசு, கொடுக்காத ஓவர்டைம் எல்லாம் வெளியே வரும். கள்ளக் கணக்கு வைத்திருப்பவனுக்கு நல்ல சட்டமும் உதவாது. சட்டம் உங்களைக் கைவிடவில்லை, நீங்கள்தான் அதை அண்டவிடாமல் வைத்திருக்கிறீர்கள்.

கணக்கில் வராத கடன்

இப்போது என் சப்ஜெக்ட். பெரும்பாலான லேபர் கேஸ் எதற்காக வருகிறது என்று கேட்டால், நான் பார்த்த வரையில் வேலையை விட்டுப் போகும்போது கொடுக்க வேண்டிய பணத்துக்காக. அந்தப் பணத்தை யாரும் ஒதுக்கி வைப்பதில்லை.

ஒரு உதாரணம். அடிப்படைச் சம்பளம் 1,200 திர்ஹம். ஒருநாள் கணக்கு 40 திர்ஹம். முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள், அதற்குப் பிறகு வருடம் 30 நாள். ஆறு வருடம் வேலை பார்த்தவருக்கு 105 நாளும் 30 நாளும் சேர்த்து 135 நாள், அதாவது 5,400 திர்ஹம். இப்படிப் பத்துப் பேர் இருந்தால் 54,000. இது கருணைத் தொகை அல்ல. நீங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். வேலை முடிந்த 14 நாளுக்குள் கொடுக்க வேண்டிய கடன். ஆனால் நம்ம ஆட்களின் பேலன்ஸ் ஷீட்டில் அது இருக்காது. அந்தப் பணத்தில் புது வண்டி வாங்கியிருப்பார்கள், இல்லையென்றால் ஊரில் ரெண்டாம் மாடி எழும்பியிருக்கும். ஆள் போகிற நாளில், "இப்பம் கையில இல்ல, அடுத்த மாசம் வா" என்பார்கள். அவன் ஊருக்கு டிக்கெட் எடுத்தவன், அடுத்த மாசம் எங்கிருந்து வருவான்? நேராக அமைச்சகத்துக்குத்தான் போவான். போகத்தான் வேண்டும்.

2024 தொடக்கத்தில் இருந்து 50,000 திர்ஹம் வரையிலான வழக்குகளில் அமைச்சகமே முடிவு சொல்லலாம், அந்த முடிவை நேராக நிறைவேற்றவும் முடியும். ஒப்புக்கொள்ளாதவர் 15 வேலை நாளுக்குள் கோர்ட்டுக்குப் போகலாம். 2024-ல் வந்த இன்னொரு திருத்தம், வேலை முடிந்து ரெண்டு வருடம் வரை வழக்குப் போட இடம் தருகிறது. முன்பு ஒரு வருடம்தான். ஆட்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் கடையை மூடிவிட்டுப் போனால் அபராதம் ஒரு லட்சம் திர்ஹத்தில் இருந்து பத்து லட்சம் வரை. இழுத்தடித்தால் அவனே சலித்துப் போவான் என்ற பழைய தந்திரத்துக்கு ஆயுசு முடிந்தது.

மாற்று என்ன? மாதாமாதம் எடுத்து வையுங்கள். 2023-ல் விருப்பத் திட்டம் ஒன்று வந்தது. ஐந்து வருடத்துக்குள் இருப்பவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் 5.83 சதவீதம், அதற்கு மேல் என்றால் 8.33 சதவீதம் முதலாளி மாதாமாதம் முதலீட்டு நிதியில் போடலாம். 1,200 சம்பளத்துக்கு 5.83 சதவீதம் என்றால் மாதம் சுமார் 70 திர்ஹம். அந்தத் திட்டத்தில் சேராவிட்டாலும் பரவாயில்லை. அந்த 70-ஐத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். வக்கீலுக்குக் கொடுப்பதை விடக் குறைவுதான்.

பெரிய கம்பெனிக்கும் இதே பாடம்தான்

இது பெட்டிக்கடைக்காரன் பிரச்சினை, பெரிய கம்பெனிகள் எல்லாம் சட்ட வல்லுநர்களை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்காதீர்கள். கர்நாடகத்தில் கோலார் பக்கம் நரசாபுரத்தில் தைவான் நாட்டு விஸ்ட்ரான் கம்பெனி ஐபோன் தயாரித்துக்கொண்டிருந்தது. 2020 டிசம்பர் 12 அன்று காலையில் தொழிலாளர்கள் அந்தத் தொழிற்சாலையை அடித்து நொறுக்கினார்கள். வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஏன் நடந்தது? பொறியியல் படித்தவர்களுக்கு 21,000 ரூபாய் என்று சொல்லிவிட்டு 16,000 கொடுத்தார்கள், பிறகு அதுவும் குறைந்தது என்பது தொழிலாளர்களின் புகார். பெரும்பாலானவர்கள் ஏஜென்சிகள் வழியாக வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். எட்டு மணி நேர ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரமானது. வேலை கூடியது, கைக்கு வந்த கணக்கு புரியவில்லை.

போலீஸில் 437 கோடி ரூபாய் சேதம் என்று புகார் கொடுத்தது கம்பெனி. பிறகு தைவான் பங்குச் சந்தையில் சொன்ன கணக்கோ 26 கோடியில் இருந்து 52 கோடி வரைதான். அதைவிட முக்கியம் அடுத்து நடந்தது. ஒரு வாரத்துக்குள் ஆப்பிள் நிறுவனம் விஸ்ட்ரானைக் கண்காணிப்பில் வைத்தது, நிலைமையைச் சரிசெய்யும் வரை புது ஆர்டர் இல்லை என்றது. சிலருக்குச் சம்பளம் சரியாகவும் நேரத்துக்கும் போகவில்லை என்று விஸ்ட்ரானே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது, இந்தியப் பிரிவைக் கவனித்த துணைத் தலைவரை நீக்கியது. 2023-ல் அந்தத் தொழிற்சாலை டாட்டா கைக்குப் போனது.

நடுவில் ஏஜென்சி இருந்தால் பொறுப்பு ஏஜென்சிக்கு என்று நினைத்தார்கள். சொன்ன சம்பளமும் கொடுத்த சம்பளமும் வேறாக இருந்தால் நடுவில் யார் இருந்தும் பயனில்லை. உலகத்தின் பெரிய கம்பெனியின் ஆர்டரைக் கையில் வைத்திருந்தவனுக்கே இந்தக் கதி. நம்ம கஃபட்டீரியா எம்மாத்திரம்?

இந்தப் "பாதுகாப்பு" யாருடைய சொத்து?

இன்னும் பின்னால் போவோம். தொழிலாளியைக் கட்டிப்போட்டு முதலாளியைக் காப்பாற்றும் யோசனை துபாய் டைப்பிங் சென்டரில் பிறந்ததல்ல. 1859-ல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத தொழிலாளியை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் வேலை செய். ரெண்டும் இல்லையென்றால் மூன்று மாதம் வரை கடுங்காவல். ஒப்பந்தத்தை மீறிய முதலாளிக்கு அதில் ஜெயில் கிடையாது. 1903-ல் மெட்ராஸ் மாகாணத்தில் தோட்ட முதலாளிகளுக்கென்றே தனியாக ஒரு சட்டமும் வந்தது. முன்பணம் கொடுத்து மலைக்கு ஏற்றிய கங்காணியின் நோட்டுப் புத்தகம்தான் அன்றைய கான்ட்ராக்ட். 1859 சட்டத்தை 1925-ல்தான் ரத்து செய்தார்கள்.

மலைக்கு ஏறிப் போனது யார்? நம்ம பாட்டன் பூட்டன். அவர்களுக்கு எதிராகப் போட்ட தாளை நூறு வருடம் கழித்து நம்ம ஊர்ப் பையனுக்கு நீட்டுகிறோம். கொரியாக்காரன் ஸ்ரீபெரும்புதூரில் சங்கம் வைக்க விடவில்லை என்று 2024-ல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, இங்கே உட்கார்ந்துகொண்டு கொதித்தவர்கள் நாம். சரி, நம்ம கடை சமையலறையில் நிற்கிறவனுக்கும் அந்தக் கொதிப்பில் கொஞ்சம் பங்கு கொடுக்கலாமே?

புரியாத மொழியில் கையெழுத்து

என் ஊர் செங்கல். கட்டடம் கட்டும் செங்கல் இல்லை, நெய்யாற்றின்கரை தாலூகாவில் இருக்கும் ஊர். பாறசாலை தாண்டிக் களியக்காவிளை வந்துவிட்டால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ல் கல்குளமும் விளவங்கோடும் தமிழ்நாட்டுக்குப் போயின. நெய்யாற்றின்கரையும் வேண்டும் என்று நேசமணி காலத்தில் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அந்தப் பழைய சண்டைக்குள் இப்போது போக வேண்டாம். நான் சொல்ல வந்தது வேறு. வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு, வில்லேஜ் ஆபீசில் மலையாளத் தாளில் கையெழுத்துப் போட்டுப் பழகியவர்கள் எங்கள் ஊர்ப் பெரியவர்கள். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று 1969-ன் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் கவுண்டரில் நிற்கும் கிழவிக்குச் சட்டம் தெரியுமா? "எங்க ஒப்பிடணும் சாரே?" என்றுதான் கேட்பாள். காட்டிய இடத்தில் போடுவாள்.

புரியாத தாளில் கையெழுத்துப் போடுவதன் அவமானம் எங்களைப் போன்ற எல்லை ஊர்க்காரனுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால்தான் இது என்னைச் சுடுகிறது. அமீரகத்தின் ஆஃபர் லெட்டர் அரபியும் ஆங்கிலமும் போக, தொழிலாளிக்குப் புரியும் இன்னொரு மொழியிலும் கிடைக்கிறது. மொத்தம் 11 மொழிகள். அதில் தமிழும் உண்டு, மலையாளமும் உண்டு. இந்த நாட்டு அரசு தமிழில் தரத் தயாராக இருக்கிறது. தமிழ் முதலாளி, "அதெல்லாம் படிச்சுட்டு இருந்தா லேட் ஆகும், இங்க போடு" என்கிறான். இதை எங்கே போய்ச் சொல்ல?

"நம்ம ஊர்க்காரன்தானே, சொந்தக்காரன்தானே, பேப்பர் எதுக்கு?" என்பார்கள். சொந்தம் என்பதால்தான் பேப்பர் சரியாக இருக்க வேண்டும். வெளியாள் ஏமாந்தால் கேஸோடு முடியும். மச்சான் மகன் ஏமாந்தால் ஊரில் ரெண்டு வீடு பேச்சு வார்த்தை இல்லாமல் போகும். கல்யாண வீட்டில் ஒரு பக்கம் வர மாட்டார்கள். அதற்கு எந்த அமைச்சகத்திலும் சமரசம் கிடையாது.

சரி, என்னதான் செய்வது?

சுருக்கமாக:

- ஊரில் வாயால் சொன்னது, தாளில் எழுதியது, வங்கியில் போட்டது, இந்த மூன்றும் ஒரே எண்ணாக இருக்கட்டும். தங்குமிடம், சாப்பாடு, ஓவர்டைம், லீவு எல்லாம் அந்தத் தாளிலேயே வரட்டும்.
- ஆஃபர் லெட்டரைத் தமிழிலும் கொடுங்கள். ரெண்டு நாள் அவன் வீட்டில் இருக்கட்டும். அம்மாவோ மனைவியோ படித்துப் பார்க்கட்டும்.
- சம்பளத் தேதியைத் தவற விடாதீர்கள். தாமதமானால் புது வொர்க் பெர்மிட் நின்றுபோகும்.
- கிராஜுவிட்டிக்கு மாதாமாதம் ஒதுக்குங்கள்.
- எச்சரிக்கை, பிடித்தம், ராஜினாமா எதுவாக இருந்தாலும் நடந்த அன்றே எழுத்தில், தேதியோடு. ஒரு நகல் அவன் கையில்.

ஊரில் இருக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. பையனை அனுப்பும் முன், "மாமா பாத்துக்குவார்" என்ற வாக்கை மட்டும் நம்பாதீர்கள். அந்த ஆஃபர் லெட்டரை போனில் படம் எடுத்து வீட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு தாண்டாதவன் என்றால் திருவனந்தபுரத்தில் இருக்கும் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் வேலைக்கு விமானம் ஏற்றாதீர்கள். விசிட் விசாவில் வா, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவர் மாமாவாக இருந்தாலும் சரி.

முதலாளி அண்ணன்மாரே, உங்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் இன்னொருவன் கடையில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு நின்றவர்கள்தான். அன்றைக்கு அந்த முதலாளியைப் பற்றி ரூமில் படுத்துக்கொண்டு என்ன பேசினீர்கள் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் கடைப் பையன் இன்று ராத்திரி ரூமில் அதையே பேசாமல் இருந்தால் போதும். லேபர் கேஸ் உங்கள் வாசல் பக்கம் வராது.

டிஸ்கி: நான் எழுதியது அமீரகத்தின் பொதுவான தொழிலாளர் சட்டத்தை வைத்து. டி.ஐ.எஃப்.சி., ஏ.டி.ஜி.எம். இரண்டுக்கும் தனிச் சட்டம் உண்டு, வீட்டு வேலைக்கும் தனிச் சட்டம். சவூதி, கத்தார், ஓமன் கதை வேறு. கேஸ் ஏற்கனவே வந்துவிட்டவர்கள் என்னைக் கேட்காமல் நல்ல வக்கீலைப் பாருங்கள். திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம், ஆனால் அந்த ரெண்டாவது கான்ட்ராக்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்து திட்டுங்கள் :-)